சென்னையில் வெளிநாட்டுக்காரியாக முதல் ஆறு மாதம்

2023 ஜூலைக் கடைசியில் நானும் கணவரும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து சென்னைக்குக் குடிவந்தோம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு மூன்று ஆண்டு வேலை. அவருக்கு வேலை விசா. அவரைச் சார்ந்தவள் என்ற முறையில் எனக்கு நுழைவு விசா. கிளம்பும்போது அக்கா, "உனக்கென்ன, தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் கொண்டுவந்த மொழியை மூன்று தலைமுறையாக விடாமல் வைத்திருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். காய்கறி வாங்கவும் காஸ் சிலிண்டர் பதியவும் எனக்கு என்ன தடை வந்துவிடும்?

வந்தது. தமிழ் தெரிந்ததாலேயே வந்தது. நான் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் என்னைத் தென்மாவட்டத்துக்காரி என்று முடிவு செய்துவிடுவார். "ஆதார் கொடுங்கள்" என்பார். இல்லை என்றால் முகம் மாறும். ஆதார் இல்லாத தமிழ்க்காரி என்றால் ஏதோ மறைக்கிறாள் என்ற சந்தேகம் எழும். அதே இடத்தில் ஒரு கொரியரோ ஜெர்மானியரோ நின்றால் அவரிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை, நேராகப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அதன்பிறகு எந்த அலுவலகத்தில், எந்தக் கடையில் நின்றாலும் என் முதல் வாக்கியம் இதுதான்: "நான் மலேசியாக்காரி, இங்கே இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது, கொஞ்சம் சொல்லுங்கள்." இந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு என்னை விரட்டியவர் ஒருவர்கூட இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டவர்கள் உண்டு.

முதல் சிக்கல் ஆடி மாதம். அடையாறு இந்திரா நகரில் வீடு பார்த்தோம். பிடித்துப்போனது. வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். வாடகை பேசி முடித்த பிறகு, "ஆவணி பிறக்கட்டும் அம்மா, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள்" என்றார். ஆடியில் வீடு மாறக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், அதனால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதிவுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு ஆவணி வேண்டும். மூன்று நாள் எனக்குத் தூக்கமே இல்லை.

தீர்வு நாங்கள் தங்கியிருந்த இடத்திலேயே இருந்தது. மாத வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் அது. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டியது தங்கவைப்பவரின் கடமை. அப்போது அதற்குச் 'சி படிவம்' என்று பெயர். அதன் மேலாளர் நாங்கள் வந்த அன்றே நிரப்பியிருந்தார். எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. அந்தப் படிவத்தின் நகலை வாங்கி, அந்த முகவரியிலேயே முதல் பதிவைச் செய்தோம். ஆவணியில் வீடு மாறிய பிறகு முகவரி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பித்தோம். இரட்டை வேலைதான், ஆனால் சட்டத்தையும் மீறவில்லை, வீட்டுக்காரர் மனத்தையும் நோகடிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நிரந்தர வீடு கிடைக்கும்வரை பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே "சி படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் அங்கே தங்காதீர்கள்.

பதிவு அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஆனால் 2018 முதல் விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான். ஆவணங்களை ஏற்றி அனுப்பினால், அவர்கள் கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். இது தெரியாமல் முதல் வாரமே கோப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். வாசலில் இருந்தவர் பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்பினார். அரை நாள் போனாலும் 29சி பேருந்தில் போகப் பழகிக்கொண்டேன்.

அடுத்த படி வீட்டுக்காரர். இப்போது சி படிவம் அவர் போட வேண்டும். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "போலீஸ் விஷயமா அம்மா? இந்த வயதில் எனக்கு வேண்டாமே" என்றார். குரலில் உண்மையான பயம் இருந்தது. அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாடகையைக்கூட விட்டுவிடலாம், வேறு ஆளைப் பார்க்கலாம் என்ற நினைப்பு இருவருக்கும் வந்ததை என்னால் உணர முடிந்தது. அந்த இடத்தில் நான் சட்டம் பேசியிருந்தால் வீடு போயிருக்கும். "ஐயா, இது உங்கள் மேல் வரும் புகார் இல்லை. நாங்கள் உங்கள் வீட்டில் ஒழுங்காக இருக்கிறோம் என்று நீங்கள் எழுதித் தரும் சான்று. நானே பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை மாலை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் என்று காத்திருந்து, ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். முதலில் வீட்டைப் பதிந்து, அவருக்கு ஒரு கணக்குத் திறந்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் எங்கள் விவரத்தை ஏற்ற முடிந்தது. கடவுச்சொல்லை அவர் தினசரி நாட்காட்டியின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். முடிந்ததும் அவர் மனைவி ஃபில்டர் காபி கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் நான் குடித்த முதல் காபி அது.

முன்பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஈப்போவில் இரண்டு மாத வாடகை, அதோடு மின்சாரம் தண்ணீருக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் விலக்கு. அதை எடுத்துச் சொல்லிப் பேசினால் பெரும்பாலோர் இறங்கி வருகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஐந்துக்கு வந்தார். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குப் போடுவார்கள், அதில் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

பெயர் என்று வந்துவிட்டதால், எனக்கு அதிக மனவலி கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். மலேசிய இந்தியர்களின் பாஸ்போர்ட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' அல்லது 'ஏ/எல்' என்று இருக்கும். 'அனாக் பெரெம்புவான்', 'அனாக் லெலாக்கி', அதாவது இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன். இங்குள்ள இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. விசாவில் ஒரு மாதிரி, பதிவு அலுவலகம் தந்த குடியிருப்பு அனுமதியில் இன்னொரு மாதிரி அச்சாகிவிட்டது. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது முகப்பில் இருந்த இளைஞர் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து, "இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது மேடம்?" என்றார். குடும்பப்பெயர் எது என்றும் கேட்டார். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இருமுறை திருப்பி அனுப்பப்பட்டேன். இரண்டாம் முறை வெளியே வந்து படிக்கட்டிலேயே அழுதேன். என் பெயர் என்னுடையது என்பதை ஒரு தமிழரிடமே நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

மூன்றாம் முறை மேலாளரைப் பார்த்தேன். நடுவயதுப் பெண்மணி. மேசையில் இருந்த அவர் பெயர்ப்பலகையில் பெயருக்கு முன் ஓர் எழுத்து இருந்தது. "மேடம், அந்த எழுத்து யாருடையது?" என்று கேட்டேன். "அப்பா பெயர்" என்றார். "நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம். நீங்கள் சுருக்கி முன்னால் போடுகிறீர்கள், நாங்கள் விரித்துப் பின்னால் போடுகிறோம். நடுவில் இருப்பது 'மகள்' என்ற சொல்." அவர் ஒரு நிமிடம் தாளைப் பார்த்தார். பிறகு அந்த இளைஞரை அழைத்து, அதையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். அந்த ஒரு தாளை இன்றுவரை பான் அட்டை, செல்பேசி இணைப்பு என்று எல்லா இடத்திலும் காட்டுகிறேன். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் வந்த முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள். பத்து நகல் எடுத்து வையுங்கள்.

நகல் என்றால் ஜெராக்ஸ் கடை. எங்கள் தெருமுனையில் இருக்கும் கடையை ஓர் அக்கா நடத்துகிறார். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாள், எத்தனை பிரதி, எங்கே கையெழுத்து என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த இணையதளத்துக்கும் தெரியாது. புகைப்பட அளவுகூட அவர்தான் சொன்னார்: பதிவு அலுவலகத்துக்குச் சதுரம், பான் விண்ணப்பத்துக்குச் சிறியது, எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பின்னணி. வெளிநாட்டவருக்கான பான் விண்ணப்பம் அப்போது 49ஏஏ என்ற வேறு படிவம் என்பதையும் அவரே சொல்லி, அதை எடுத்துக் கொடுத்தார். உங்கள் தெருவில் அப்படி ஒரு கடையை முதலில் கண்டுபிடியுங்கள். போகும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

வங்கிக் கணக்கு வரும்வரை ஆறு வாரம் ரொக்கத்திலேயே வாழ்ந்தோம். இளநீர்க் கடையிலும் பூக்காரம்மாவிடமும்கூட க்யூஆர் அட்டை தொங்கும் ஊரில் நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவேன், அவர்கள் சில்லறை இல்லை என்பார்கள். காலையில் பால் வாங்கும் இடத்தில் மாற்றிக்கொள்வதும், பஸ் கண்டக்டரிடம் பத்து ரூபாய்த் தாளாகக் கேட்டு வாங்குவதும் பழக்கமானது. அதன்பிறகு யுபிஐ வந்தது, வாழ்க்கை எளிதானது. ஆனாலும் வீட்டில் ரொக்கம் வைக்கும் வழக்கத்தை நான் விடவில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மின்சாரம் போயிற்று, செல்பேசித் தொடர்பு போயிற்று. வெள்ளத்தால் பால் வரத்தும் நின்றுவிட்டது. கையில் செல்பேசி மட்டும் வைத்திருந்தவர்கள் கடை வாசலில் செய்வதறியாமல் நின்றார்கள். என்னிடம் நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. பால் பவுடர், மெழுகுவத்தி, ரொட்டி வாங்கிக்கொண்டு, மேல்மாடியில் கைக்குழந்தை வைத்திருந்த வீட்டுக்கும் கொடுத்தேன். எங்கள் பகுதியில் தண்ணீர் முழங்காலோடு நின்றது. பள்ளிக்கரணை, வேளச்சேரி மக்கள் பட்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அக்டோபர் பிறந்துவிட்டால் அரிசி, மருந்து, குடிநீர், ரொக்கம் நான்கையும் ஒரு வாரத்துக்கு வீட்டில் வையுங்கள்.

காஸ் சிலிண்டர். ஈப்போவில் முனைக்கடைச் சீனருக்கு ஒரு போன் போட்டால் அரை மணியில் மோட்டார் சைக்கிளில் வந்துவிடும், பெயர்கூடக் கேட்க மாட்டார். இங்கே இணைப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், பதிந்த செல்பேசிக்கு வரும் எண்ணைச் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டும். 14.2 கிலோ சிலிண்டருக்கான தாள்கள் சேரும்வரை நாங்கள் 5 கிலோ சிறிய சிலிண்டரில் சமைத்தோம். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, ஓர் அடையாள ஆவணம் போதும். பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பதினைந்து நாள் ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்ட பிறகு எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

மின்கட்டணம் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது என்பதால் ஏசியை அளந்து போடக் கற்றோம். வாடகை பேசும்போதே தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாகத் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்: மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சம்ப் எவ்வளவு கொள்ளும், போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்கினால் செலவை எப்படிப் பிரிப்பீர்கள். குழாயைத் திறந்தால் எந்நேரமும் நல்ல தண்ணீர் வரும் என்று வளர்ந்தவள் நான். இந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்காகக் கண்விழிக்கும் நேரத்தைப் பார்த்த பிறகு ஒரு வாளியைக்கூட வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. குடிக்க 20 லிட்டர் கேன் போடுகிறார்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆவின் பால் பாக்கெட்டை நிறத்தால்தான் கேட்பார்கள். நீலம் கொழுப்புக் குறைந்தது, பச்சை நடுத்தரம், ஆரஞ்சு கெட்டிப்பால். "ஒரு பச்சை, ஒரு நீலம்" என்றால் போதும்.

சந்தையில்தான் என் தமிழ் மெதுவாக உருமாறியது. நான் சீனி என்றால் கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சர்க்கரையை எடுப்பார். பயிற்றங்காய் கேட்டால் காராமணி வந்தது. காலையில் வாசலில் காவலாளி அண்ணனிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் முதலில் திகைத்தார். பிறகு, "இப்படி என் பாட்டி கேட்பாள் அம்மா" என்றார். எங்கள் தாத்தாக்கள் எடுத்துப்போன சொல், இங்கே டிபன் வந்ததும் பின்னால் போய்விட்டது. காய்கறி விற்கும் அம்மா எடை போட்டு முடித்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தால், "என்ன கண்ணு, கொசுறு வேண்டுமா?" என்று ஒரு பிடி கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பைக்குள் போடுவார். விலை தெரியாமல் பேரம் பேசாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரே ஆளிடம் வாங்குங்கள், அவரே சரியான விலைக்கு வந்துவிடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மருந்துக்கு ஒரு குறிப்பு மட்டும். மலேசியாவில் கிளினிக்கிலேயே மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே சீட்டு எழுதித் தருவார்கள், மருந்துக் கடைக்குப் போக வேண்டும். நான்கு மாத்திரை போதும் என்றால் அட்டையை வெட்டித் தருவார்கள். உங்கள் மாத்திரையின் வணிகப் பெயர் இங்கே வேறாக இருக்கும், ஆகவே மூலப்பொருளின் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். என் கணவரின் இரத்த அழுத்த மாத்திரையை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

பேருந்தைப் பற்றி மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். எந்த ஊர், என்ன அட்டை என்று என்னை யாரும் கேட்டதில்லை. கண்டக்டர் ஒரு பூஜ்ஜிய டிக்கெட்டைக் கிழித்துத் தருவார். வேலைக்குப் போகும் பெண்களோடு கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் இந்த நகரத்தை நான் கற்றேன். எந்த வங்கிக் கிளையில் கூட்டம் குறைவு, எந்த நோட்டரி அதிகம் கேட்கமாட்டார் என்பதெல்லாம் அந்தப் பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

இப்போது எனக்கு ஆதார் இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால் வெளிநாட்டவரும் அதைப் பெறலாம். என் விசா முடியும் நாள்வரைதான் அது செல்லும். அது வந்த பிறகும் என் முதல் வாக்கியத்தை நான் மாற்றவில்லை.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்காரரின் கீழ்த்தளத்துக்கு ஒரு கொரியக் குடும்பம் வந்தது. நான் வெளியூரில் இருந்தேன். காலை எட்டு மணிக்குப் போன் செய்தார். "அம்மா, சி படிவம் நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், 24 மணி நேரம் முடிய இன்னும் ஏழு மணி நேரம்தான் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை எங்கே எழுதினோம்?" போன வருட நாட்காட்டியின் பின் அட்டை, பரண் மேல் பழைய புத்தகங்களுக்கு அடியில் என்றேன். அவர் மனைவி ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.